கணினி நிகழ்வேட்டின் படித்தரங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

பாய்மரக் கப்பல்கள் பெருங்கடல்களிற் சென்ற காலத்தில், கப்பலின் வேகத்தை அறிதற்கு மாலுமிகள் கையாண்ட முறை மிக எளிதானது. முடிச்சுகளிட்ட நீண்ட கயிற்றின் நுனியில் மரக்கட்டையொன்றைப் பிணித்துக் கப்பலின் பின்புறத்திலிருந்து கடலில் எறிவர். கட்டை நின்றவிடத்து நிற்கக் கப்பல் முன்னேகும். மணற்கடிகையின் மணல் விழுந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் மாலுமியின் கைவழியே கழிந்தன என்பதைக்கொண்டு வேகம் கணிக்கப்படும். கட்டையும் கயிறுங்கொண்டு வேகமறியும் முறையை வில்லியம் போர்ண் என்னும் ஆங்கிலேயர் 1574 ஆம் ஆண்டில் வெளியிட்ட கடற்பயண நூலில் விளக்கியுள்ளார். மரக்கட்டைக்கு ஆங்கிலத்தில் 'லொக்' என்பது பெயர். அக்கட்டை காட்டிய வேகத்தை நாடோறும் எழுதிவைத்த ஏடு 'லொக் புத்தகம்' எனப்பட்டது. பின்னர் ஏடே 'லொக்' எனப்பட்டது. இக்காலத்தில், கணினி மென்பொருளொன்று தான் செய்வனவற்றைத் தானே எழுதிச்செல்லும் மின்பதிவுக்கும் அப்பெயரே வழங்குகின்றது. கட்டையின் பெயர் ஏட்டிற்காகி, ஏட்டின் பெயர் ஏடுமில்லாத பதிவிற்காகிய இதனினும் தெளிவான இருமடியாகுபெயர் வேற்றுமொழியிற் காண்டல் அரிது.

கப்பலின் நிகழ்வேட்டை எழுதிய அதிகாரி கண்டவற்றையெல்லாம் எழுதினாரல்லர். எது குறிக்கத்தக்கது, எது விடத்தக்கது என்பதை அவரே அவ்விடத்திலேயே தீர்மானித்தார். கணினியின் நிகழ்வேட்டிலோ அத்தீர்மானம் இருவருக்கிடையே பிளவுபட்டு நிற்கின்றது. எந்நிகழ்ச்சியை எச்சொல்லாற் பதிவதென்பதை நிரலை எழுதுபவர் முற்கூட்டியே எழுதிவைக்கின்றார். எப்பதிவு ஏட்டிற் சேரவேண்டும், எது சேரவேண்டாம் என்பதை நிரலை இயக்கும் நிருவாகி பிற்காலத்தில், வேறோரிடத்தில், வேறொரு நெருக்கடியில் முடிவுசெய்கின்றார். முன்னவர் பின்னவரின் இடுக்கணை அறியார். பின்னவர் முன்னவரின் நிரலை அறியார். இவ்விருவருக்குமிடையே பாலமாக அமைந்தனவே படித்தரங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் அதன் முக்கியத்தைக் காட்டும் தரமொன்றை நிரலாளர் இடுவர். 'இத்தரத்திற் குறைந்தன வேண்டா' என நிருவாகி எல்லையொன்றை வகுப்பர். இம்முறை தோன்றிய வரலாறும், அதன்கண் உள்ள ஒரு தீராக் குறையும் ஈண்டு ஆராயப்படும்.

படித்தரங்களுட் கடையதாகிய 'டிபக்' என்பதன் பெயரும் ஒரு நிகழ்வேட்டோடு தொடர்புடையது. அமெரிக்காவில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் இயங்கிய மார்க் II என்னும் கணிப்பொறியின் அஞ்சற்சாவி ஒன்றினுள் 1947 ஆம் ஆண்டு செப்டெம்பர் 9 ஆந் திகதி விட்டிற்பூச்சியொன்று அகப்பட்டிருக்கக் காணப்பட்டது. அதனை எடுத்து நிகழ்வேட்டிலே ஒட்டி, பூச்சி உண்மையாகவே கண்டுபிடிக்கப்பட்ட முதற் சந்தர்ப்பம் இதுவென நகைச்சுவையாகக் குறித்துவைத்தனர். அவ்வேடு இன்றும் சிமித்சோனியன் நிறுவனத்தைச் சார்ந்த அமெரிக்க வரலாற்று நூதனசாலையில் உள்ளது. பொறியின் கோளாற்றைப் பூச்சியெனக் கூறும் வழக்கு இச்சம்பவத்திலிருந்தே தோன்றியதென்பர் பலர். அது பொருந்தாது. தோமசு அல்வா எடிசன் 1878 ஆம் ஆண்டிலேயே தமது கடிதமொன்றில் அச்சொல்லை அப்பொருளில் ஆண்டுள்ளார். குறிப்பிலுள்ள நகைச்சுவையும் அவ்வழக்கு முன்னரே நிலவியதனாலன்றோ விளங்குகின்றது! எவ்வாறாயினும், பூச்சியகற்றல் என்னும் பொருளுடைய 'டிபக்' என்னும் பெயர் பிழைதேடுவார்க்கு மாத்திரம் உதவும் நுண்பதிவுகளின் தரத்திற்கு நிலைத்துவிட்டது.

படித்தரங்கள் இல்லாத காலத்தில் நிரலாளர் கையாண்ட வழி யாதெனின், ஐயம் எழுந்த இடத்தில் அச்சிடுங் கட்டளையொன்றைச் செருகி, நிரலை மீளத் தொகுத்து இயக்கி, விடை கண்டபின் அக்கட்டளையை அழித்துவிடுவதாகும். நிரல் அவரது மேசையிலேயே இயங்கும்வரை இது போதியதாயிற்று. நிரல் ஊர்கடந்து சென்று, எழுதியவரை ஒருபோதும் காணாத ஒருவரால் இயக்கப்படுங்கால், அழிக்கப்பட்ட கட்டளையை மீளச் செருகுவார் எவருமிலர்.

இந்நிலையை மாற்றிய முயற்சி கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திலே தோன்றியது. அங்கே எரிக் அல்மன் என்பவர், வெவ்வேறு வலையமைப்புகளுக்கிடையே மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் சென்ட்மெயில் என்னும் நிரலை ஆக்கினார். அஞ்சல் ஏன் சென்றது, ஏன் செல்லவில்லை என்பதைப் பின்னர் ஆராய்தற்குப் பதிவுகள் வேண்டியிருந்தன. அத்தேவையை நிறைவேற்ற அவர் ஆக்கிய சிஸ்லொக் என்னும் துணைநிரல் தாய்நிரலினும் பரந்து வழங்கலாயிற்று. அதன் பதிவுக்கட்டளைகள் 1983 ஆம் ஆண்டில் வெளிவந்த 4.2 பி.எஸ்.டி. என்னும் யுனிக்ஸ் வழிமுறையிலும், பதிவுகளைப் பிரித்து வழங்கும் ஏவலாள் நிரல் 1986 ஆம் ஆண்டின் 4.3 பி.எஸ்.டி.யிலும் இடம்பெற்றன.

அல்மனின் முறையில் ஒவ்வொரு பதிவுக்கும் இரு குறிகள் உண்டு. பதிவு எத்துறையிலிருந்து வந்தது என்பது ஒன்று. எவ்வளவு கடுமையானது என்பது மற்றொன்று. கடுமை எட்டுத் தரங்களாக வகுக்கப்பட்டது. பேரிடர் 0, உடன் நடவடிக்கை வேண்டுவது 1, நெருக்கடி 2, பிழை 3, எச்சரிக்கை 4, கவனிக்கத்தக்க அறிவிப்பு 5, தகவல் 6, டிபக் 7. எண் குறையக் கடுமை மிகும் என்பது ஈண்டு நோக்கற்பாலது. துறையின் எண்ணை எட்டாற் பெருக்கித் தரத்தின் எண்ணைக் கூட்டினால் வருவது பதிவின் தலையில் எழுதப்படும். அஞ்சற்றுறையின் எண் 2 ஆதலின், அஞ்சலில் நேர்ந்த பிழையொன்று 19 என்னும் எண்ணோடு வரும். 34 என்னும் எண்ணைக் காண்பவர் அதனை எட்டால் வகுத்து, ஈவு 4 ஆதலால் அடையாளஞ்சரிபார்க்கும் துறையென்றும், மீதி 2 ஆதலால் நெருக்கடியென்றும் அறிவர். எட்டு என்பது இரும எண்முறையில் மூன்று இலக்கங்களுள் அடங்குவது. ஆதலின் கணினிக்கு இவ்வகுத்தல் ஒரு பொருட்டன்று.

இம்முறையின் உயிர்நிலை எண்களிலன்று, அமைப்பேட்டிலே உள்ளது. அஞ்சற்றுறையிற் 'பிழை' என ஒருவரி எழுதப்படின், பிழையும் அதனிற் கடியவும் ஆகிய அஞ்சற்பதிவுகள் குறித்த கோப்பிற்குச் செல்லும், ஏனைய நீங்கும். பேரிடர்ப் பதிவுகளை அவ்வேளை கணினியிற் பணிபுரிவார் அனைவரின் திரைகளிலும் தோற்றச்செய்யலாம். எல்லையை மாற்ற விரும்பும் நிருவாகி அமைப்பேட்டைத் திருத்தி, ஏவலாள் நிரலுக்குச் சைகையொன்றை அனுப்பின், அது தன் பணியை விட்டொழியாமலே ஏட்டை மீளப் படித்துக்கொள்ளும். சென்ட்மெயிலின் ஒரு வரியையும் தொடாமல் சென்ட்மெயில் பேசும் அளவை மாற்றும் உரிமை இவ்வாறு நிருவாகியின் கைக்கு வந்தது. அழித்தலும் மீளச் செருகுதலும் ஆகிய பழைய தொல்லை ஒழிந்தது. கட்டளை நிரலினுள்ளே என்றும் இருக்கும், வேண்டும்பொழுது மாத்திரம் வாய்திறக்கும்.

ஆயினும் எட்டுத் தரங்களுக்கும் பொருள் வரையறுக்க முற்பட்டோர் இடர்ப்பட்டனர். 'உடன் நடவடிக்கை' என்பதற்கும் 'நெருக்கடி' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இருவர் ஒருதன்மையாகக் கூறக் கேட்டல் அரிது. சிஸ்லொக் நெடுங்காலம் எழுதாச் சட்டமாகவே வழங்கிற்று. இணையப் பொறியியற் பணிக்குழுவின் வெளியீடாக 2001 ஆம் ஆண்டில் வந்த ஆர்.எப்.சி. 3164 என்னும் ஆவணம் நிலவிய வழக்கை விவரித்ததேயன்றி விதியொன்றும் வகுத்திலது. 2009 ஆம் ஆண்டின் ஆர்.எப்.சி. 5424 என்பதே விதியாக வந்தது. அவ்விதியும், கடுமைத்தரங்கள் அவரவர் கருத்தைச் சார்ந்தவை, ஆதலின் பதிவனுப்புவோர் யாவரும் ஒரே பொருளிலேயே அவற்றை ஆளுகின்றனரெனப் பெறுவோர் கொள்ளலாகாது எனப் பின்னிணைப்பில் எச்சரிக்கின்றது. தான் வகுக்கும் அளவுகோல் கைக்குக் கை வேறுபடுமென விதிநூலே ஒப்புக்கொள்ளும் இந்நேர்மை பாராட்டத்தக்கது. மேலே தீராக் குறையெனச் சுட்டப்பட்டதும் இதுவே.

லினக்ஸ் கருநிரல் இதே எட்டுத் தரங்களைக் கைக்கொண்டது. அப்பாச்சி இணையவழங்கி 2012 ஆம் ஆண்டின் 2.4 பதிப்பில் டிபக்கின் கீழே மேலும் எட்டு நுண்தரங்களைச் சேர்த்துப் பதினாறாக்கியதோடு, ஒவ்வோர் உறுப்புநிரலுக்கும் வெவ்வேறு எல்லை வகுக்கவும் இடந்தந்தது.

அடுத்த பெருமாற்றம் ஜாவா மொழியில் நிகழ்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் நடைபெற்ற செம்பர் என்னும் மின்வணிகப் பாதுகாப்புத் திட்டம் 1996 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தனக்கெனப் பதிவுமுறையொன்றை எழுதிக்கொள்ளத் தீர்மானித்தது. அதிலிருந்து பல திருத்தங்களின் வழியாக வளர்ந்ததே லொக்4ஜே. அதனை வளர்த்தவருள் முதன்மையானவர் செக்கி குல்ச்சு என்பவர். அதன் 1.0 பதிப்பு 2001 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிஸ்லொக்கிற் பதிவின் துறைகள் முன்னரே எண்ணிவைக்கப்பட்டவை. 24 துறைகளுக்குமேல் இல்லை. லொக்4ஜே துறைகளுக்குப் பதிலாகப் பெயர்களை வைத்தது. அப்பெயர்களைக் குடிவழிபோற் கிளைக்கச் செய்தது.

கல்லூரி நூலகத்திற்கென எழுதப்பட்ட மென்பொருளொன்றைக் கொள்க. அதில் 'நூலகம்' என்பது ஒரு பதிவுப்பெயர், 'நூலகம்.இரவல்' அதன் மகவு, 'நூலகம்.இரவல்.தண்டம்' பேர். யாவற்றிற்கும் மேலே வேர் ஒன்றுண்டு. வேருக்கு 'எச்சரிக்கை' என்னும் எல்லையை நிருவாகி இட்டுவைத்துள்ளார். ஏனைய பெயர்களுக்கு எல்லை தனித்து இடப்படாமையால், தம் முன்னோரிடத்திருந்தே அதனைப் பெறும். நூலகம் அமைதியாக இயங்குகின்றது. ஏட்டில் நாளொன்றுக்குச் சில வரிகளே சேர்கின்றன. ஒருநாள் மாணவரொருவர், தாம் உரிய நாளில் ஒப்படைத்த நூலுக்குத் தண்டப்பணம் கேட்கப்படுகின்றதென முறையிடுகின்றார். வேரின் எல்லையை டிபக்கிற்கு இறக்கின், நூற்பட்டியல் தேடல், உறுப்பினர் வருகை, தரவுத்தளத்தோடு நிகழும் உரையாடல் என யாவும் ஏட்டிற் பாய்ந்து, வேண்டிய வரி வெள்ளத்துள் அமிழ்ந்துவிடும். அறிந்த நிருவாகி அவ்வாறு செய்யார்; 'நூலகம்.இரவல்.தண்டம்' என்னும் ஒரு பெயருக்கு மாத்திரம் டிபக் என எழுதுவர். அப்பொழுது தண்டக்கணிப்பின் ஒவ்வொரு படியும் ஏட்டில் வருகின்றது. நூல் வாங்கப்பட்ட திகதியின் நாளும் மாதமும் இடம்மாறிப் படிக்கப்பட்டமை ஒருவரியிலே தோன்றுகின்றது. பிழை கண்டபின் அவ்வமைப்பு வரியை நீக்க, அக்கிளை மீண்டும் வேரின் மௌனத்தைப் பெறுகின்றது.

இம்மரபுரிமையில் தொடக்கநிலையாளரை மயக்கும் நுட்பங்கள் இரண்டு உள. பதிவு கடக்கவேண்டிய வாயில் ஒன்றன்று, இரண்டு என்பது முதலாவது. பதிவுப்பெயரின் எல்லை முதல் வாயில். அதனைக் கடந்த பதிவைக் கோப்பிலோ திரையிலோ கொண்டுசேர்க்கும் உறுப்பிற்கும் தனி எல்லையுண்டு. இவ்வுறுப்பை லொக்4ஜே அப்பெண்டர் என்றும் பைதன் மொழி ஹாண்ட்லர் என்றும் வழங்கும். பெயருக்கு டிபக் என இட்டும் ஏட்டில் ஒன்றும் வரவில்லையென மயங்குவார் பெரும்பாலும் இவ்விரண்டாம் வாயிலைத் திறக்க மறந்தவரே. மற்றையது இதன் மறுதலை. தன் பெயரின் எல்லையைக் கடந்த பதிவு முன்னோர் அனைவரின் கொண்டுசேர்க்கும் உறுப்புகளுக்கும் செல்லும். செல்லும் வழியில் முன்னோர் பெயர்களின் எல்லைகள் வினவப்படா. வேரின் எல்லை எச்சரிக்கையாயிருக்கவும், பேரன் எழுதிய டிபக் வரி வேரின் கோப்பிலே தோன்றுவது இதனாலேயே. எல்லை பிறப்பிடத்தில் ஒருமுறையே கேட்கப்படும் என்க.

தடுக்கப்பட்ட பதிவும் இலவசமன்று. பதினைந்து சொற்களையும் நான்கு கணிப்புகளையும் கோத்து வாக்கியமொன்றைக் கட்டிமுடித்தபின், 'இத்தரம் வேண்டா' என எறிந்துவிடின், கட்டிய உழைப்பு வீணே. ஆதலின் 'டிபக் திறந்துள்ளதா' என முதலில் வினவியபின்னரே வாக்கியத்தைக் கட்டும் வழக்கம் தோன்றிற்று. நிரல் எங்கணும் அவ்வினா மலிந்து படிப்பாரை அலைத்தது. குல்ச்சு பின்னர் ஆக்கிய எஸ்.எல்.எப்.4ஜே என்னும் தொகுதி, வாக்கியத்தில் வெற்றிடங்களை விட்டு, அவற்றை நிரப்பும் பொருள்களைத் தனியே கொடுக்கச் செய்தது. வாயிலைக் கடந்தபின்னரே வெற்றிடம் நிரப்பப்படும். எளிய இம்மாற்றத்தால் நிரல்களின் தோற்றமே திருந்திற்று.

தரங்கள் எத்தனையாதல் வேண்டும் என்பதில் ஒருமைப்பாடு இன்றளவும் இல்லை. லொக்4ஜே ஐந்தோடு தொடங்கி, 2005 ஆம் ஆண்டில் டிபக்கினும் நுண்ணிய ஆறாந் தரமொன்றைச் சேர்த்தது. ஜாவாவின் 1.4 பதிப்பு 2002 ஆம் ஆண்டில் ஏழு தரங்களைக்கொண்ட தன் சொந்தப் பதிவுமுறையோடு வந்தது. டிபக் என்னும் பெயரை அம்முறை ஆளாது, 'நுண்', 'நுண்ணிய', 'மிகநுண்ணிய' என்னும் பொருள்பட மூன்று பெயர்களை வைத்தது. ஒரு மொழிக்கு இரு பதிவுமுறைகள் வந்தமையால் நிரலாளர் பட்ட தொல்லை பெரிது. பைதன் மொழியின் முறை வினய் சஜிப், திரென்ட் மிக் என்னும் இருவர் பெயரில் 2002 ஆம் ஆண்டில் முன்மொழியப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் 2.3 பதிப்பிற் சேர்க்கப்பட்டது. டிபக் 10, தகவல் 20, எச்சரிக்கை 30, பிழை 40, நெருக்கடி 50 என அது பத்துப்பத்தாக இடைவெளி விட்டமை முன்யோசனையாகும். சிஸ்லொக்கின் 3 க்கும் 4 க்கும் இடையே எதனையும் நுழைத்தல் இயலாது. அன்றியும், சிஸ்லொக்கிற்கு மாறாகப் பைதனில் எண் மிகக் கடுமையும் மிகும். இவ்விரு மரபுகளையும் ஒருங்கே கையாளுவோர் எண்ணைப் படித்துத் தலைகீழாகப் பொருள்கொள்வதுமுண்டு.

இதற்கு மறுதலையாக, தரங்களைக் குறைக்க முயன்றோரும் உளர். எஸ்.எல்.எப்.4ஜே 'உயிர்போக்குவது' என்னும் பொருளுடைய ஃபேற்றல் தரத்தை ஒழித்தது. கோ மொழியறிஞர் டேவ் செனி 2015 ஆம் ஆண்டில் இன்னும் ஒருபடி சென்று, நிரலாளர்க்கு வேண்டியது டிபக், நிருவாகிக்கு வேண்டியது தகவல், இவ்விரண்டுமே போதுமென வாதித்தார். எச்சரிக்கையை எவரும் படிப்பதில்லை. பிழையைச் சீர்செய்தால் அது பிழையன்று, சீர்செய்யாவிடின் அதனை மேலே அழைத்தவரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். வாதம் கூரியதேயாயினும் வழக்கு அவரைப் பின்பற்றவில்லை. 2023 ஆம் ஆண்டிலே கோ மொழியின் 1.21 பதிப்பிற் சேர்ந்த பதிவுமுறை நான்கு தரங்களோடு வந்தது. டிபக்கிற்கு -4, தகவலுக்கு 0, எச்சரிக்கைக்கு 4, பிழைக்கு 8 என்பன அதன் எண்கள். விந்தையாகத் தோன்றும் இவ்வெண்களுக்குக் காரணமுண்டு. வேறுபட்ட முறைகளையெல்லாம் ஒன்றாகப் பெயர்த்தற்கு ஓப்பன்டெலிமெற்றி என்னும் பொதுத்திட்டம் 1 முதல் 24 வரை அளவுகோலொன்றை வகுத்து, ஒவ்வொரு தரத்திற்கும் நந்நான்கு எண்களை ஒதுக்கியது. அதில் தகவல் 9 இல், எச்சரிக்கை 13 இல், பிழை 17 இல் தொடங்கும். இவற்றிலிருந்து 9 ஐக் கழிக்கக் கோ மொழியின் எண்கள் கிடைக்கும். எண்ணைப் பெயர்ப்பது இவ்வாறு கழித்தற்கணக்காகிவிட்டது. ஒருவர் எச்சரிக்கையென்று கருதியதை மற்றொருவர் பிழையென்று எழுதியிருப்பின், அதனைப் பெயர்த்தற்கு இக்கணக்கில் வழியில்லை.

அமைப்பேடு எழுதப்படாதவிடத்து மென்பொருள் எவ்வெல்லையை இயல்பாகக் கொள்ளும் என்பதும் ஆக்கியோரின் மனப்பாங்கைக் காட்டும். லொக்4ஜேயின் முதல் தலைமுறையில் வேரின் இயல்பெல்லை டிபக். 2014 ஆம் ஆண்டில் நிறைவெய்திய இரண்டாந் தலைமுறையில் அது பிழை. பைதன் வேரில் எச்சரிக்கையை வைத்தது; பைதன் கற்கும் மாணவர் தம் முதற் தகவற்பதிவு திரையில் தோன்றாதது கண்டு திகைப்பது இதனாலாகும். யாவும் பேசுக, வேண்டாதவற்றை நிருவாகி அடக்குவார் என்னும் நம்பிக்கையிலிருந்து, யாவும் அடங்குக, வேண்டுவதை நிருவாகி திறப்பார் என்னும் எச்சரிக்கைக்கு இத்துறை பெரும்பாலும் நகர்ந்துள்ளது. நூற்றுக்கணக்கான துணைத்தொகுதிகளைக்கொண்டு ஒரு மென்பொருள் கட்டப்படும் இக்காலத்துக்குப் பின்னதே ஏற்றது.

பேச்சு மிகுவதால் வரும் கேடு வட்டு நிரம்புவது மாத்திரமன்று. 2018 ஆம் ஆண்டு மே 3 ஆந் திகதி டுவிற்றர் நிறுவனம் தன் பயனர் அனைவரையும் கடவுச்சொற்களை மாற்றுமாறு வேண்டிக்கொண்டது. கடவுச்சொற்கள் மறைவடிவாக்கப்படுவதன்முன் உள்ளகப் பதிவேடொன்றில் வெளிப்படையாக எழுதப்பட்டு வந்தமையைத் தானே கண்டறிந்ததாகவும், எவரும் அவற்றைத் திருடியதற்கோ தவறாகப் பயன்படுத்தியதற்கோ அறிகுறியில்லையென்றும் அது கூறியது. இத்தகைய இழுக்கைப் படித்தரம் தடுக்கமாட்டாது. அது முக்கியத்தை அளப்பது, மறையை அளப்பதன்று; 'தகவல்' என்னும் மதிப்புடைய தரத்திலும் கடவுச்சொல் வழுவி விழலாம். எனினும் டிபக் தரத்திலேயே வந்த செய்தியை வந்தவாறு முழுதும் எழுதும் வழக்கம் மிகுதி ஆதலின், பொதுப்பயன்பாட்டிலுள்ள முறைமையில் அவ்வெல்லையைத் திறந்து மூடாது விடுதல் பேரிடர்க்கு வாயிலாகும். இதன்பொருட்டே, தர எல்லையை வகுக்கும் அமைப்பேட்டிலேயே கடவுச்சொல், அட்டை எண் முதலியவற்றை உடுக்குறிகளாக மாற்றும் வடிகளையும் சேர்த்து அமைக்கும் வழக்கம் பரவியுள்ளது. பைதன் முறையில் அவ்வடியைப் பதிவுப்பெயரோடும் இணைக்கலாம், கொண்டுசேர்க்கும் உறுப்போடும் இணைக்கலாம். பெயரோடு இணைத்த வடி அப்பெயரிற் பிறந்த பதிவுகளுக்கே பயன்படும்; மகவின் பதிவுகள் அதனைச் சாராமலே மேலே செல்லும். ஆதலின் அனுபவமுடையோர் அதனைக் கொண்டுசேர்க்கும் உறுப்பிலேயே இணைப்பர்.